கையில் ஒரு கரு இருக்கிறது. வைத்துவிடலாமா, இன்னும் சேர்க்கலாமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 38 வயது. தஞ்சாவூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. கணவர் தோஹாவில் வேலை பார்க்கிறார், வயது 42. அவருக்கு விந்தணுப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையில் எனக்கு 0.6. ஸ்கேனில் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து முட்டைப்பைகள்தான் தெரிந்தன. இந்த விடுமுறைக்கு அவர் வந்தபோது முதல் ஐ.வி.எஃப். செய்தோம். நாலு முட்டை எடுத்தார்கள். அதில் மூன்று முதிர்ந்தவை. இரண்டு கருவாகி, ஐந்தாம் நாள் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதை உறைய வைத்திருக்கிறார்கள். கர்ப்பப்பைக்குள் 9 மில்லிமீட்டரில் ஒரு பாலிப், அதாவது சின்ன சதை வளர்ச்சி, இருக்கிறதாம்.

"இன்னும் இரண்டு தடவை முட்டை எடுப்போம். மூன்று, நாலு கரு சேர்ந்த பிறகு வைத்தால் வாய்ப்பு அதிகம், இதற்குப் பூலிங் என்று பேர்" என்கிறார்கள் மருத்துவமனையில். கணவர், "சீட்டுப் போட்டுச் சேர்க்கிற மாதிரிதானே, சேர்த்துவிடுவோம்" என்கிறார். மாமியார், "பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விட்டுடாதீங்க" என்கிறார். இன்னும் ஒரு தடவைக்குத்தான் பணம் இருக்கிறது. இரண்டு என்றால் நகையை அடகு வைக்க வேண்டும். எங்களுக்கு ஒரே ஒரு குழந்தை போதும் அம்மா. திரும்பத் திரும்ப ஊசி போட்டால் மிச்சமிருக்கும் முட்டையும் தீர்ந்துவிடுமா? ஐஸில் இருக்கும் கரு கெட்டுப் போகாதா? கணவர் இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறார். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த தாளைத்தான் முதலில் பார்த்தேன். கோடு போட்ட நோட்டுத் தாளில் தேதி, ஊசியின் அளவு, எந்தப் பக்கம் முட்டைப்பை எத்தனை மில்லிமீட்டர் என்று பத்து நாள் கணக்கையும் நீல மையில் எழுதி, முட்டை எடுத்த நாளை மட்டும் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறீர்கள். இவ்வளவு விவரம் கையில் இருப்பதால் பொதுவாகப் பேச வேண்டியதில்லை. உங்கள் கணக்கை வைத்தே பேசலாம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால், பாலிப்பை எடுத்துவிட்டு, இருக்கிற ஒரு கருவை முதலில் வைத்துப் பார் என்றுதான் சொல்வேன். உங்கள் மாமியாரும் அதையேதான் சொல்கிறார், ஆனால் என் காரணம் வேறு. உங்கள் கணவர் சொல்வதும் தப்பில்லை. வேறு ஒரு பெண்ணுக்கு, உங்களையே இரண்டு வயது கூட்டிப் பார்த்தால் உங்களுக்கும், அதுதான் சரியான வழியாக இருக்கும். ஏன் என்று விளக்கினால்தான் வீட்டில் மூன்று பேரும் ஒரே முடிவுக்கு வர முடியும்.

கரு சேர்ப்பது என்றால் இதுதான்: ஒவ்வொரு மாதமும் ஊசி போட்டு, முட்டை எடுத்து, கருவாக்கி, கர்ப்பப்பையில் வைக்காமல் உறைய வைப்பது. இரண்டு மூன்று சுற்றில் சேர்ந்ததை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வைப்பது. முட்டை குறைவாக வரும் பெண்களுக்குத்தான் இதைப் பெரும்பாலும் சொல்கிறோம். இருபது வயதுகளில் இருக்கும் பெண்ணுக்கு ஒரே சுற்றில் பத்துப் பன்னிரண்டு முட்டை வந்துவிடும், சேர்க்க வேண்டிய தேவை இல்லை.

"சேர்த்து வைத்தால் வாய்ப்பு அதிகம்" என்ற வரியில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். நாலு கரு பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எந்தக் கருவுக்கும் புதிதாகப் பலம் வருவதில்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம், நீங்கள் கணக்கு டீச்சராக இல்லாவிட்டாலும் புரியும். உங்கள் வயதில் ஐந்தாம் நாள் கரு ஒன்று குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பை நாலில் ஒன்று, அதாவது 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கரு இருந்தால், ஒன்றன் பின் ஒன்றாக வைக்கும்போது மொத்த வாய்ப்பு சுமார் 44 சதவீதம். மூன்று இருந்தால் 58. சரி, இந்த 58 எங்கிருந்து வந்தது? கருவின் எண்ணிக்கையிலிருந்து வந்தது. மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாலும் 58தான். இன்றைக்கு ஒன்று, பலிக்காவிட்டால் முட்டை எடுத்து அடுத்தது என்று போனாலும் ஏறக்குறைய அதே 58தான். ஆனால் இரண்டாவது வழியில், முதல் கருவே தங்கிவிட்டால் மீதி இரண்டு சுற்றுக்கான ஊசியும் மயக்க மருந்தும் பணமும் உங்களுக்கு மிச்சம். ஒரே ஒரு குழந்தை போதும் என்று எழுதியிருக்கும் உங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சீட்டு உதாரணத்தையும் பார்த்துவிடுவோம். சீட்டில் மாதா மாதம் கட்டினால் கட்டிய பணம் கணக்கில் ஏறும். இங்கே கட்டிய மாதத்தில் ஒன்றுமே ஏறாமல் போகலாம். உங்கள் முதல் சுற்றில் நாலு முட்டை மூன்றாகி, இரண்டாகி, ஒன்றானது. இது மோசமான கணக்கு இல்லை, எதிர்பார்க்கக்கூடிய கணக்குதான். அடுத்த சுற்றில் மூன்று முட்டை வந்து ஒன்றுகூட ஐந்தாம் நாளைத் தொடாமல் போகலாம். இரண்டு கரு கிடைக்கவும் செய்யலாம். "இன்னும் இரண்டு தடவை எடுத்தால் மூன்று நாலு கரு" என்று உங்களிடம் சொன்னது நல்லபடியாக நடந்தால் வரும் எண்ணிக்கை. இரண்டு சுற்றும் முடிந்து கையில் மொத்தம் இரண்டே கருதான் இருக்கிறது என்றால் மனம் தாங்குமா என்று நகையை எடுத்து வைப்பதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

அப்படியென்றால் பூலிங் எதற்குத்தான் உதவும்? வயதை நிறுத்தி வைக்க. கரு எந்த வயதில் உருவானதோ அந்த வயதிலேயே உறைந்து நிற்கும். பெண்ணின் வயது ஏற ஏற, குரோமோசோம் எண்ணிக்கை சரியில்லாத கருக்கள் கூடிக்கொண்டே போகும். 38 வயதில் ஐந்தாம் நாள் கருக்களில் ஏறக்குறைய பாதி அப்படி இருக்கும். 43 வாக்கில் முக்கால்வாசிக்கு மேல். அவை பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டினாலும் பாதியில் கலையும். கருக்கலைவு வயதோடு கூடுவதற்கும் முக்கியக் காரணம் இதுதான். கர்ப்பப்பைக்கு இந்த அளவு வயது ஆவதில்லை. அதனால்தான் 38-ல் உறைய வைத்த கருவை 41-ல் வைத்தாலும் அதன் வாய்ப்பு பெரும்பாலும் 38 வயதுக்கு உரியதாகவே இருக்கிறது.

ஆக, பூலிங் வேண்டுமா வேண்டாமா என்பது, இந்தக் கருவை இப்போது வைப்பதால் உங்கள் முட்டைக்கு எத்தனை மாதம் வயதாகும், அந்த மாதங்கள் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுத்தது. வைத்துப் பலிக்காவிட்டால் உங்களுக்குப் போவது ஒன்றரை, இரண்டு மாதம். முட்டை குறைவாக உள்ள பெண்களை வைத்து நியூயார்க்கில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சை ஆறு மாதம் வரை தள்ளிப் போனாலும் குழந்தை பிறக்கும் விகிதம் குறையவில்லை. எனவே இரண்டு மாதத்துக்காகப் பதற வேண்டாம். தங்கி, பிறகு கலைந்துவிட்டால்தான் ஐந்தாறு மாதம் போகும். அந்த ஆபத்து உங்கள் வயதில் உண்டு, மறைக்க மாட்டேன்.

யாருக்கு நானே பூலிங் சொல்கிறேன் என்பதையும் கேளுங்கள். இரண்டு குழந்தை வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு. 38-ல் வைத்த கரு தங்கினால் குழந்தை பிறக்கும்போது 39. பால் கொடுத்து, உடம்பு தேறி, அடுத்ததற்கு வரும்போது 41. அந்த 41-ன் முட்டையை நம்புவதைவிட, இன்றைக்கே இரண்டு சுற்று கூடுதலாக எடுத்து வைத்துவிடுவது புத்திசாலித்தனம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் அப்படித்தான். அங்கே ஒரு கருக்கலைவு தின்றுவிடும் அரை வருஷம் பெரிய இழப்பு. கணவன் மனைவி இருவருமே தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் கருவைச் சோதித்துத்தான் வைக்க வேண்டும், சோதனையில் சராசரியாக நாலில் ஒன்று கழிந்துவிடும் என்பதால் எண்ணிக்கை சேர்த்தாக வேண்டும். கர்ப்பப்பையில் பெரிய கட்டியை அறுவைசிகிச்சை செய்து எடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியவர்கள், கர்ப்பப்பைச் சுவர் தடித்துப்போகும் அடினோமயோசிஸுக்கு ஊசி போட்டு கர்ப்பப்பையை ஓய்வில் வைக்க வேண்டியவர்கள், இவர்களுக்கும் அந்தக் காத்திருப்புக்கு முன்னால் கரு சேர்ப்பது நல்லது. புற்றுநோய் சிகிச்சைக்குப் போகப் போகிறவர்களுக்கு நேரமே இருக்காது. ஒரே மாதத்தில் இரண்டு முறை முட்டை எடுக்கும் முறைகூட இருக்கிறது. முதல் முறை எடுத்த சில நாளிலேயே மறுபடி ஊசி ஆரம்பித்துவிடுவோம்.

சில வருஷங்களுக்கு முன் நாகப்பட்டினம் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். வயது 40 முடிந்திருந்தது. மூன்று சுற்று சேர்த்தோம். முதல் சுற்றில் இரண்டு கரு. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் காலை அதை நான் போனில் சொல்லவில்லை, நேரில் வரச் சொல்லிச் சொன்னேன். அவர் அழவில்லை. "ஊசி போட்ட இடமெல்லாம் இன்னும் கன்றிக் கிடக்கு டாக்டரம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெளியே படிக்கட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது சுற்றுக்கு வருவாரா என்று எனக்கே சந்தேகம். வந்தார், ஒன்று கிடைத்தது. முதலில் வைத்தது எட்டாவது வாரத்தில் கலைந்தது. அடுத்து வைத்தது பெண் குழந்தை. மூன்றாவது இன்னும் எங்கள் ஆய்வகக் குடுவையில் உறைந்தபடி இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் கட்டணம் கட்ட வரும்போது குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறார். கருக்கலைவுக்குப் பிறகு 41 வயதில் மறுபடி முட்டை எடுக்கும் நிலையில் அவரை விட்டிருந்தால் இது நடந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். சேர்த்து வைத்தது அவருக்குச் சரி. உங்களுக்கு வயதும் வேறு, ஆசையும் வேறு.

அப்புறம், மருத்துவமனைச் சுவரில் எழுதியிருக்கும் வெற்றி சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பூலிங்கில் இந்த எண் கண்ணை ஏமாற்றும். பத்துப் பெண்கள் கரு சேர்க்க ஆரம்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் கரு கிடைக்காமலோ பணம் தீர்ந்தோ நடுவில் நின்றுவிடுகிறார்கள். மீதி ஏழு பேருக்குக் கரு வைத்து நாலு பேருக்குத் தங்குகிறது. "கரு வைத்தவர்களில் 57 சதவீதம்" என்று எழுதினால் அது பொய் இல்லை. ஆனால் முதல் ஊசி போட்டுக்கொண்ட பத்துப் பேரில் நாலு பேர், 40 சதவீதம் என்பதுதான் வாசலில் நிற்கும் உங்களுக்கு வேண்டிய எண். அதனால், "என் வயதில், என் அளவு ஏ.எம்.எச். உள்ளவர்கள் சிகிச்சையை ஆரம்பித்தவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்?" என்று கேளுங்கள். கர்ப்பப் பரிசோதனையில் வந்த பாசிட்டிவ் கணக்கு வேண்டாம். இப்படிக் கேட்பதை நல்ல மருத்துவர் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். கூடவே, சொல்லும் தொகையில் ஊசி மருந்து அடக்கமா, கருவை வருஷா வருஷம் வைத்திருக்கக் கட்டணம் எவ்வளவு, முட்டையே கிடைக்காமல் போனால் அந்தச் சுற்றின் பணத்தில் எது திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டால் மிச்சமிருக்கும் முட்டை தீர்ந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பயத்தோடு வராத பெண்ணே இல்லை. தீராது. பிறக்கும்போதே பெண்ணுக்குப் பத்து முதல் இருபது லட்சம் முட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது அது மூன்று, நாலு லட்சமாகக் குறைந்திருக்கும். வாழ்நாளில் வெடித்து வெளியே வருவது 400, 500தான். மற்றதெல்லாம் ஊசியே போடாவிட்டாலும் தானாகக் கரைந்து போகிறது. ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் முட்டை கிளம்பும். அதில் ஒன்று மட்டும் முந்தி வளர, மற்றவை சத்துக் கிடைக்காமல் வாடிவிடும். வாடப் போகிற அந்த முட்டைகளுக்குத்தான் நாங்கள் ஊசி மூலம் சத்துக் கொடுக்கிறோம். அடுத்த மாதத்துக்கு உரியதை இந்த மாதமே பிடுங்குவதில்லை. மாதவிலக்கு சீக்கிரம் நின்றுவிடும் என்பதும் தேவையில்லாத பயம்.

ஆனால் உங்கள் தாளில் எனக்கு உறுத்திய இடம் ஒன்று உண்டு. தினமும் 450 யூனிட் ஊசி. முட்டை குறைவாக உள்ளவர்களுக்கு 300 யூனிட்டுக்கு மேல் போடுவதால் கூடுதல் பலன் இல்லை என்றுதான் ஐரோப்பிய மருத்துவச் சங்க வழிகாட்டுதலும் சொல்கிறது, என் அனுபவமும் அதுதான். கிளம்பிய கூட்டமே ஐந்து என்றால், எவ்வளவு ஊசி போட்டாலும் ஐந்துக்கு மேல் எங்கிருந்து வரும்? இன்னொரு சுற்று போக வேண்டி வந்தால், 300-க்குள் வைத்து, அல்லது லெட்ரோசோல் மாத்திரையோடு குறைந்த ஊசியில் செய்ய முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கருவை எப்படியும் உறைய வைக்கத்தான் போகிறோம் என்றால், முட்டை முன்கூட்டியே வெடிக்காமல் இருக்கப் போடும் விலை கூடிய ஊசிக்குப் பதில் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையே போதும். மருந்துக் கடை பில் நன்றாகவே குறையும்.

உறைந்த கரு கெட்டுப் போகாதா என்ற கேள்விக்கு ஆய்வகத்துக்குள்தான் கூட்டிப் போக வேண்டும். ஐந்தாம் நாள் கரு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான் இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் நுனியில், துளியிலும் சின்னத் துளியோடு அதை ஏற்றி, திரவ நைட்ரஜனில் ஒரே முக்கு. அங்கே குளிர் மைனஸ் 196 டிகிரி. பனிக்கட்டி ஊசிகள் உருவாக நேரமே கிடைக்காமல் கண்ணாடி போல ஆகிவிடும். அந்தக் குளிரில் செல்லுக்குள் எதுவும் நடக்காது, அதனால் வயதும் ஆகாது. வைக்கும் நாள் காலையில் கருவியலாளர் பட்டையில் உள்ள பெயரைச் சத்தமாகப் படிப்பார், பக்கத்தில் இன்னொருவர் கோப்பைப் பார்த்து ஒப்பிடுவார். பிறகுதான் வெதுவெதுப்பான திரவத்தில் விடுவார்கள். முதலில் பார்த்தால் காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிக் கிடக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் மெல்ல உப்பி மறுபடி உருண்டையாகும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தத் திரையை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடிவதில்லை. நல்ல ஆய்வகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இப்படித் திரும்பி வந்துவிடும். மீதிச் சிலது வராது, அந்த வாய்ப்பையும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

உறைந்த கரு என்றால் ஏதோ இரண்டாம் தரம் என்ற எண்ணம் நம் ஊரில் இருக்கிறது. இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையே உறைந்த கருவிலிருந்து பிறந்தவர்தான். கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் கருவை 53 நாள் உறைய வைத்து, பிறகு தாயின் கர்ப்பப்பையில் வைத்தார். 1978 அக்டோபர் 3-ஆம் தேதி பெண் குழந்தை பிறந்தது. இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது. அரசு அமைத்த குழு முகோபாத்யாயை நம்பவில்லை. அவமானம் தாங்காமல் 1981-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1997-ல் டாக்டர் டி.சி. ஆனந்தகுமார் அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதல் சாதனை இவருடையதுதான் என்று வெளியே சொன்னார். தனக்கு வர வேண்டிய பெருமையை விட்டுக்கொடுத்துச் சொன்னார். 1986-ல் மும்பையில் பிறந்த குழந்தைக்காக அதுவரை அவர் பெயரும்தான் முதல் இடத்தில் இருந்தது. குடுவையின் மூடியைத் திறக்கும்போது சில நாள் முகோபாத்யாயை நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவில் 1992-ல் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022-ல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஆகவே உங்கள் கரு சில மாதம் இருப்பதால் ஒன்றும் ஆகாது. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பத்து வருஷம் வரைதான் வைத்திருக்க முடியும், அது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

ஒருவேளை பிறகு இரண்டு கரு சேர்ந்தால், "இரண்டையும் ஒன்றாக வைத்துவிடுங்கள்" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாமே கூடும். ஒவ்வொன்றாக வைத்தாலும் மொத்த வாய்ப்பு கிட்டத்தட்ட அதேதான். ஒரே கருவை வைத்துக்கொண்டு குரோமோசோம் சோதனைக்கும் பணம் கட்ட வேண்டாம். சோதனை கருவைத் தேர்ந்தெடுக்கத்தான் உதவும், தேர்ந்தெடுக்க உங்களிடம் இரண்டாவது இல்லை. முட்டையைப் புதிதாக உருவாக்குகிறோம், ஓவரிக்குப் புத்துயிர் கொடுக்கிறோம் என்று ரத்தத் தட்டணு ஊசி போடச் சொன்னாலும் இப்போதைக்கு வேண்டாம். அதற்குப் போதுமான ஆதாரம் இன்னும் இல்லை.

உங்களுக்கு நான் நினைக்கும் வரிசை இது. இந்த மாதவிலக்கு முடிந்ததும் கர்ப்பப்பைக்குள் விட்டுப் பார்க்கும் ஹிஸ்டிரோஸ்கோப் கருவியால் பாலிப்பை எடுத்துவிடுங்கள். காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அது உள்ளே இருக்கும்போது இருக்கிற ஒரே கருவை வைக்காமல் இருப்பதே நல்லது. அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ கர்ப்பப்பையின் உட்சுவரைத் தயார் செய்து கருவை வைக்கலாம். மாதவிலக்கு உங்களுக்கு ஒழுங்காக வருவதால், மாத்திரை அதிகம் இல்லாமல் உங்கள் இயல்பான சுழற்சியிலேயே செய்ய முடியுமா என்று கேளுங்கள். வைத்த பிறகு படுத்தே கிடக்க வேண்டியதில்லை. மாடி ஏறினால், ஆட்டோவில் போனால் கரு நழுவிவிடாது. ஓரிரு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் போகலாம், பிள்ளைகள் சத்தத்தில் அந்தப் பத்து நாள் கொஞ்சம் சீக்கிரம் ஓடும்.

தங்கவில்லை என்றால், கையில் உள்ள பணத்தில் உடனே அடுத்த சுற்று முட்டை எடுக்கலாம், அதில் வருவதை வைக்கலாம். தங்கிக் கலைந்துவிட்டால்தான் யோசனையை மாற்றுவேன். அப்போது 39-ஐ நெருங்கியிருப்பீர்கள், ஒரு கலைவும் பார்த்திருப்பீர்கள். தொடர்ந்து இரண்டு சுற்று எடுத்துச் சேர்த்துக்கொண்டு பிறகு வைப்பது அப்போது நியாயமாக இருக்கும். இரண்டு சுற்றிலும் ஐந்தாம் நாள் கருவே வரவில்லை என்றால், நகை அடகுக்குப் போவதற்கு முன் தானமாகப் பெறும் முட்டையைப் பற்றி நாம் பேச வேண்டும். அந்தப் பேச்சை இன்றைக்கே எடுக்கத் தேவையில்லை. உங்களுக்கு நல்ல கரு உருவாகும் என்று முதல் சுற்றே காட்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். உங்களுக்கு இரண்டு குழந்தை வேண்டும் என்று நினைத்துக்கூட அவர் பூலிங் சொல்லியிருக்கலாம். "ஒரு குழந்தை போதும், பணம் இவ்வளவுதான் இருக்கிறது" என்று அவரிடம் வாய்விட்டுச் சொன்னீர்களா? நம் ஊர்களில் பணக் கஷ்டத்தை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறோம். சொன்னால்தான் அவரும் கணக்கை மாற்றிப் போட முடியும். உங்கள் கர்ப்பப்பையை நேரில் பார்த்தவர் அவர். எனக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் கிளம்புவதற்குள் இரண்டு வேலை முடிய வேண்டும். கருவை வைக்கும் நாளில் அவர் இங்கே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் சட்டப்படி இருவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். கருவை உருக்கி வைப்பதற்கான படிவத்தை இப்போதே கேட்டு வாங்கி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். உங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கருவை என்ன செய்வது என்று அதில் ஒரு பகுதி இருக்கும். அதை அவசரத்தில் விட்டுவிடாமல் வீட்டில் உட்கார்ந்து பேசி நிரப்புங்கள். இன்னொன்று, அவருடைய விந்தணு மாதிரியை இரண்டு குப்பியிலாவது உறைய வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அடுத்த சுற்று தேவைப்பட்டால் அவருடைய விடுமுறைக்காக நீங்கள் பத்து மாதம் காத்திருக்க வேண்டாம். மாதிரி கொடுக்கும் முன் இரண்டு முதல் ஐந்து நாள் இடைவெளி விட வேண்டும், ரத்தப் பரிசோதனை முடிவுகளும் கையில் இருக்க வேண்டும். மாதக் கடைசி என்றால் அதிக நாள் இல்லை. நாளைக் காலையே போன் செய்து நேரம் வாங்கிவிடுங்கள்.